தொரோத்தேயா கொடுத்த விடை: 1467இல் ஒரு குடும்பத் தலைவர் துறவு பூண்ட நிகழ்வு பற்றிய ஆய்வு

1467ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், புனித கல்லுஸ் திருநாளன்று, சுவிட்சர்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஓப்வால்டன் மலைநாட்டில், ஐம்பது வயது நிறைந்த ஒரு விவசாயி தம் மனைவியிடமும் பத்துப் பிள்ளைகளிடமும் விடைபெற்றுக்கொண்டு, நீண்ட கம்பளி அங்கியும் கைத்தடியுமாக வெறுங்காலோடு வீட்டைவிட்டு வெளியேறினார். மூத்த மகனுக்கு ஏறத்தாழ இருபது வயது. கடைசிக் குழந்தை இன்னும் தொட்டிலில் இருந்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் உயிர் வாழ்ந்த அவர், ஒருநாள்கூடக் குடும்பத் தலைவராக அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. நிக்கோலாஸ் ஃபான் ஃப்ளூயே என்பது அவருடைய பெயர். சுவிஸ் மக்கள் அவரைச் சகோதரர் கிளாஸ் என்று அழைக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1947ஆம் ஆண்டு அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியது.

குடும்பத்தைத் துறந்து தனிமை நாடிப் போவது நியாயமா என்ற கேள்விக்கு இந்த நிகழ்வை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இப்படிப் புறப்பட்டவர்களில் பலர் திருமணத்துக்கு முன்பே போனவர்கள். வேறு சிலர் நள்ளிரவில் சொல்லாமல் போனவர்கள். இன்னும் சிலருடைய குடும்பத்தைப் பற்றிக் கதையைத் தவிர வேறு சான்று எதுவும் இல்லை. கிளாஸின் நிகழ்வில் கேள்வி தன் முழுக் கடுமையோடு நிற்கிறது. மனைவி இருந்தார், சின்னஞ்சிறு பிள்ளைகள் இருந்தார்கள், நிலமும் மாடும் பொறுப்பும் இருந்தன, பேச்சும் நடந்தது. அதற்கு மேலாக, விட்டுச்செல்லப்பட்ட மனைவியின் சொந்தச் சொல் ஒன்று, ஒரு பயணியின் குறிப்பில், அவருடைய காலத்திலேயே பதிவாகியிருக்கிறது. அந்தச் சொல்லை மையத்தில் வைத்தே இந்த நிகழ்வைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

வீடும் பதவியும்

நிக்கோலாஸ் 1417இல் சாக்சல்ன் பங்கை, அதாவது சாக்சல்ன் கோவிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியைச் சேர்ந்த ஃப்ளூயெலி என்ற ஊரில் பிறந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஊரில் மதிப்புள்ளவர். மாடு வளர்ப்பும் புல்வெளியும் சார்ந்த வசதியான குடும்பம் அவருடையது. போர்க்களம் கண்டவர், ஓப்வால்டனின் ஆட்சி மன்றத்தில் உறுப்பினராகவும் நீதிபதியாகவும் அமர்ந்தவர். நாட்டின் மிக உயர்ந்த பதவியான லாண்டம்மன் பதவியை ஏற்க அவர் மறுத்துவிட்டார் என்பது மரபுச் செய்தி. ஏறத்தாழ முப்பது வயதில், தம்மைவிட மிக இளையவரான தொரோத்தேயா வீஸ் என்பவரை மணந்தார். இருபது ஆண்டு இல்லறத்தில் ஐந்து ஆண்களும் ஐந்து பெண்களும் பிறந்தார்கள். அவர்கள் வாழ்ந்த மரவீடு இன்றும் ஃப்ளூயெலியில் நிற்கிறது.

இந்தச் செய்திகளில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளாஸ் புறப்பட்டபோது அந்தக் குடும்பம் பட்டினியின் விளிம்பில் இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொள்ள வயதுவந்த மகன்கள் இருந்தார்கள். பிற்காலத்தில் ஹான்ஸ், வால்ட்டர் என்ற இரு மகன்களும் தந்தை ஏற்க மறுத்த அதே லாண்டம்மன் பதவியில் அமர்ந்தார்கள் என்பதிலிருந்து, குடும்பத்தின் செல்வமும் செல்வாக்கும் தந்தை இல்லாததால் சரிந்துவிடவில்லை என்பது தெளிவு. கிளாஸுக்குச் சார்பாகப் பேசுபவர்கள் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். இது சரியான வாதமே. ஆனால் சோறும் துணியும் குறையவில்லை என்பது வழக்கின் ஒரு பகுதியைத்தான் தீர்க்கிறது. பத்துப் பிள்ளைகள் உள்ள மலைநாட்டு வீட்டில் பனிக்காலத்துக்கு வைக்கோல் சேர்ப்பது, மகள்களுக்கு மணம் முடிப்பது, நோயுற்ற குழந்தைக்கு இரவில் கண்விழிப்பது, வேலையாட்களை மேய்ப்பது என எல்லாவற்றிலும் இருவர் சுமந்த பாரம் அன்று முதல் ஒருவர் தோளுக்கு மாறியது. மூத்த மகன் ஏரைப் பிடிக்கலாம். தாயின் தனிமையை அவன் பங்கிட்டுக்கொள்ள முடியாது.

புறப்பாட்டுக்கு முந்திய இரண்டு ஆண்டுகள்

கிளாஸ் இறந்த மறு ஆண்டு, அதாவது 1488இல், சாக்சல்ன் பங்கின் ஏட்டில் அவரை நெருக்கமாக அறிந்தவர்களின் வாக்குமூலங்கள் எழுதி வைக்கப்பட்டன. அவற்றுள் மூத்த மகன் ஹான்ஸ் சொன்னது மிக எளிமையானது. தந்தை ஒவ்வோர் இரவும் பிள்ளைகளும் வேலையாட்களும் படுக்கும் நேரத்தில் தானும் படுக்கப் போவார். ஆனால் நடு இரவில் தான் எப்போது கண்விழித்தாலும், தந்தை எழுந்து கூடத்து அடுப்பருகே செபித்துக்கொண்டிருப்பது காதில் விழும் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில் ஒருவர் இருந்துகொண்டே இல்லாமல் போவதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. பகலில் மாடு, மன்றம், வழக்கு. இரவில் எல்லோரும் உறங்கிய பிறகு தனக்கென்று ஓர் உலகம்.

1465ஆம் ஆண்டையொட்டி இந்த இரட்டை வாழ்க்கை உடைந்தது. மன்றப் பொறுப்புகளிலிருந்து அவர் விலகினார். கடும் மனச்சோர்வு அவரைப் பற்றிக்கொண்டது. அன்புக்குரிய மனைவியும் பிள்ளைகளும்கூடத் தமக்குப் பாரமாகத் தோன்றிய காலம் அது என்று அவரே பிற்பாடு சொன்னதாகப் பதிவு உண்டு. மேய்ச்சல் நிலத்தில் முட்புதர்களை வெட்டிக்கொண்டிருந்தபோது சாத்தான் தம்மைச் சரிவில் முள்ளுக்குள் தூக்கி எறிந்ததாக அவர் சொன்னார். உடனிருந்த மகன் ஹான்ஸ்தான் அவரைத் தூக்கி எடுத்துக் கவனித்தார். இன்று ஒரு மருத்துவர் இந்த விவரங்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார். அந்தப் பெயர் சரியாகவே இருக்கலாம், இருந்தாலும் நம் கேள்வி அதனால் மறைந்துவிடுவதில்லை. நோயால் வீட்டில் இருக்க முடியாதவர் என்றாலும், இறை அழைப்பால் இருக்க முடியாதவர் என்றாலும், தொரோத்தேயாவின் முன் நின்றது ஒரே நிலைமைதான்: கணவர் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தார்.

ஹைனி ஆம் க்ருண்ட் என்ற குருவானவர் அக்காலத்தில் கிளாஸின் நண்பரும் ஆன்ம ஆலோசகருமாக இருந்தார். இயேசுவின் பாடுகளை நாளின் ஏழு வேளைகளில் தியானிக்கும் முறையை அவர் கற்றுக்கொடுத்தார். அது ஓரளவு உதவியது; முற்றிலும் தீர்க்கவில்லை. இந்த ஈராண்டுக் காலத்தில்தான் கிளாஸ் வீட்டைவிட்டுப் போக விடைகேட்டு மனைவியிடம் திரும்பத் திரும்பப் பேசினார் என்றும், தொரோத்தேயா நெடுங்காலம் இசையவில்லை என்றும் மரபு சொல்கிறது. கடைசியில் அவர் இசைந்தார். அந்த நேரத்தில் அவர் கையில் ஒரு கைக்குழந்தை இருந்தது.

திருமணமானவர் துணையின் சம்மதம் இல்லாமல் துறவு மடத்தில் சேர முடியாது என்பது அன்றைய திருச்சபைச் சட்டமும்கூட. கிளாஸ் எந்தச் சபையிலும் சேரவில்லை. குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினராகவே தனித்து வாழ்ந்தார். ஆகவே அவர் சட்டத்துக்கு அஞ்சி மட்டுமே சம்மதம் கேட்டார் என்று சொல்ல இடமில்லை. கேட்காமல் போவது தவறு என்று அவர் உணர்ந்திருந்தார். மனைவியும் பிள்ளைகளும் இசைந்ததைத் தமக்குக் கிடைத்த மூன்று பேரருள்களில் முதலாவதாக அவர் பிற்காலத்தில் எண்ணினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. திரும்பிப் போகும் ஆசை எழாதது இரண்டாவது. உணவின்றி வாழ முடிந்தது மூன்றாவது.

போனவர் திரும்பி வந்த தூரம்

கிளாஸின் முதல் நோக்கம் தொலைதூரப் பயணம். வடமேற்கே அல்சாஸ் பகுதியில் இருந்த இறைப்பற்றாளர் குழுக்களை நாடிப் போனார் என்று பெரும்பாலும் கருதப்படுகிறது. பாசல் நகருக்கு முன்னால் உள்ள லீஸ்டால் வரை நடந்தார். அங்கே அந்த ஊர் முழுவதும் செந்தீயில் நிற்பதைப் போல அவருக்குத் தோன்றியது. அருகில் சந்தித்த ஒரு விவசாயி, எல்லை தாண்டி அந்நியர் நடுவே போவதைவிடத் தம் மக்களிடமே திரும்பிப் போய் இறைவனுக்குத் தொண்டு செய்வது நல்லது என்று அறிவுரை சொன்னார். அன்றிரவு வேலியோரத்தில் படுத்திருந்தபோது வயிற்றைக் கத்தியால் கீறியதைப் போன்ற வலியும் ஒளியும் தம்மைத் தாக்கியதாக அவர் சொன்னார். மறுநாள் திரும்பினார்.

திரும்பியவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. மெல்க் பள்ளத்தாக்கின் மேலே உள்ள கிளிஸ்டர்லி மேய்ச்சல் நிலத்தில் கிளைகளுக்கு அடியில் தங்கினார். பிறகு ரான்ஃப்ட் என்ற செங்குத்தான ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்கி வந்தார். ஓப்வால்டன் மக்கள் அங்கே அவருக்குச் சிறு கோவிலும் அதை ஒட்டி ஒரு மர அறையும் கட்டிக் கொடுத்தார்கள். அந்த அறைக்கு உள்ளே கோவிலின் பீடத்தைப் பார்க்க ஒரு சாளரம், வெளியே வருவோரைப் பார்க்க இன்னொரு சாளரம். 1469இல் கான்ஸ்டன்ஸ் மறைமாவட்டத்தின் துணை ஆயர் (துணை பிஷப்) வந்து கோவிலை வழிபாட்டுக்கு அர்ப்பணித்தார்.

ரான்ஃப்ட் அவருடைய வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கால் மணி நேரம்கூட ஆகாத நடை. மேலே மேட்டில் வீடு, கீழே பள்ளத்தில் அறை, நடுவே ஒரு சரிவு. காட்டுக்குப் போனவர் என்று நாம் சொல்லும் ஒருவர், தம் பிள்ளைகள் ஓடி இறங்கி வரக்கூடிய தொலைவில் இருபது ஆண்டுகள் இருந்தார்.

இந்த அண்மையை இருவிதமாகவும் படிக்கலாம். அவர் குடும்பத்தை முற்றாகக் கைவிடவில்லை, கூப்பிடு தூரத்தில் இருந்தார், ஆபத்து வந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று ஒரு பக்கம். தொலைவில் இறந்துபோனவரைப் போல ஒருவர் மறைந்தால் துக்கம் ஒரு நாள் ஆறும். கண்ணுக்கு எட்டிய பள்ளத்தில் இருந்துகொண்டே வீட்டுக்கு வராதவரை எண்ணி வாழும் மனைவிக்கு அந்தப் புண் ஆறவே ஆறாது என்று மறுபக்கம். இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆயினும் கேள்வி நியாயத்தைப் பற்றியது என்பதால், முதல் வாசிப்புக்கே நான் அதிக எடை தருகிறேன். எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்பதை மறைக்காமல் இருப்பது விட்டுச்செல்லப்பட்டவர்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை. கிளாஸ் அதைச் செய்தார்.

அவர் உண்ணாமல் வாழ்ந்தார் என்ற செய்தி அன்றைய ஐரோப்பாவை வியப்பில் ஆழ்த்தியது. நாட்டார் காவல் வைத்துச் சோதித்தார்கள், துணை ஆயரும் சோதித்தார். ஒருவர் உண்டாரா இல்லையா என்பதால் அவர் மனைவிக்குச் செய்தது சரியா தவறா என்பது மாறாது. ஆகவே அதை விட்டுவிடலாம்.

1474: தொரோத்தேயா பேசிய ஒரு வாக்கியம்

1474ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் ஹாலே நகரைச் சேர்ந்த ஹான்ஸ் ஃபான் வால்ட்ஹைம் என்ற செல்வந்தர், புகழ்பெற்றுவிட்ட அந்தத் துறவியைக் காண ரான்ஃப்டுக்கு வந்தார். அவருடைய பயணக் குறிப்பு இந்த நிகழ்வுக்குக் கிடைத்துள்ள சான்றுகளில் மிக உயிரோட்டமானது. உடன் வந்த பங்குக் குரு, கிளாஸின் மனைவியையும் இளைய மகனையும் பார்க்க விருப்பமா என்று கேட்டார். வால்ட்ஹைம் இசைந்தார். திருப்பலிக்கு, அதாவது கோவில் பூசைக்கு, அவர்கள் இருவரும் வந்திருந்தார்கள். இன்னும் நாற்பது வயதுகூட ஆகாத, அழகிய முகமும் மாசற்ற சருமமும் கொண்ட இளம்பெண் என்று தொரோத்தேயாவை அவர் வர்ணிக்கிறார்.

கணவர் பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று வால்ட்ஹைம் கேட்டதற்கு, தொரோத்தேயா ஆண்டுக் கணக்கு சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பையனைக் காட்டி, இதோ இந்த என் மகனுக்கு வரும் புனித யோவான் திருநாளன்று ஏழு வயது நிறையும். இவன் பிறந்து பதின்மூன்று வாரம் ஆகியிருந்தபோது, புனித கல்லுஸ் திருநாளன்று, சகோதரர் கிளாஸ் என்னைப் பிரிந்தார். அதன்பின் அவர் என்னோடு இருந்ததே இல்லை என்று சொன்னார். வால்ட்ஹைம் பையனைக் கவனித்துப் பார்த்து, தந்தையை அப்படியே உரித்து வைத்தாற்போல இருக்கிறான் என்று எழுதி, அவன் கையில் சிறு அன்பளிப்புக் காசையும் கொடுத்தார்.

தொரோத்தேயாவின் இந்தச் சில சொற்களில் குற்றச்சாட்டு இல்லை. புகழ்ச்சியும் இல்லை. கணவரை ஊரார் அழைப்பதைப் போலவே சகோதரர் கிளாஸ் என்று அவர் குறிப்பிடுகிறார். காலத்தை மட்டும் மகனின் வயதைக் கொண்டு அளக்கிறார். அந்தப் பிரிவு கைக்குழந்தையோடு கட்டுண்டே அவர் நினைவில் இருந்திருக்கிறது. அந்தக் குழந்தையின் பிறப்பும் தந்தையின் போக்கும் ஒரே பருவத்தில் நிகழ்ந்தவை. ஒன்றைச் சொல்லாமல் மற்றொன்றை அவரால் சொல்ல முடியவில்லை. துறவியின் மகத்துவத்தைப் பேசும் நூற்றுக்கணக்கான பக்கங்களைவிட இந்த ஒரு வாக்கியம் நம் கேள்விக்கு அருகில் நிற்கிறது.

பின்விளைவைக் கொண்டு நியாயம் சொல்லலாமா

கிளாஸின் புறப்பாட்டை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் கை நீட்டிக் காட்டுவது 1481ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை. அண்டையிலிருந்த பர்கண்டி அரசோடு நடந்த போர்களில் வென்ற சுவிஸ் நாடுகள் (கூட்டமைப்பாக இணைந்திருந்த தனித்தனி சிற்றரசுகள்), கொள்ளைப் பொருளைப் பங்கிடுவதிலும், ஃப்ரைபூர், சோலோதுர்ன் நகரங்களைக் கூட்டமைப்பில் சேர்ப்பதிலும் நகரங்கள் ஒருபுறமும் கிராமப்புற நாடுகள் மறுபுறமுமாகப் பிளந்து நின்றன. ஸ்டான்ஸ் ஊரில் கூடிய பேரவை முறிந்து, உள்நாட்டுப் போர் மூளும் நிலை. அந்த இரவில் அப்போது ஸ்டான்ஸின் பங்குக் குருவாக இருந்த அதே ஹைனி ஆம் க்ருண்ட், ரான்ஃப்டுக்கு நடந்து போய்க் கிளாஸின் செய்தியோடு திரும்பி வந்து, கலைந்து போகவிருந்த பிரதிநிதிகளை மீண்டும் ஒன்றுகூட்டினார். டிசம்பர் 22ஆம் நாள், சில மணி நேரத்துக்குள் உடன்பாடு ஏற்பட்டது. இரு நகரங்களும் கூட்டமைப்பில் சேர்ந்தன. கிளாஸ் சொன்ன செய்தி என்ன என்பது எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பேரவையின் முடிவேட்டிலேயே பதிவாகியிருக்கிறது.

இது பெரிய செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. உடன்பிறந்தார் போலிருந்த மக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் தடுத்தவர் அவர். எல்லோரும் நம்பக்கூடிய ஒருவராக அவர் இருந்ததற்கு, எந்தக் கட்சியிலும் எந்தச் சொத்திலும் பங்கில்லாமல் அவர் பள்ளத்தில் வாழ்ந்ததே காரணம் என்ற வாதமும் ஏற்கத்தக்கதே.

ஆனால் இதைக் கொண்டு 1467ஆம் ஆண்டுப் புறப்பாட்டை நியாயப்படுத்துவது முறையாகாது. அன்று கிளாஸுக்கும் தெரியாது, தொரோத்தேயாவுக்கும் தெரியாது, பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டான்ஸில் என்ன நடக்கும் என்று. ஒரு செயலைச் செய்யும் நேரத்தில் கையில் இருந்த அறிவைக் கொண்டுதான் அதை எடைபோட வேண்டும். இல்லையென்றால் ஒரே வீட்டிலிருந்து ஒரே விதமாகப் புறப்பட்ட இருவரில், புகழ்பெற்றவர் நல்லவர் என்றும் பெயர் தெரியாமல் குளிரில் மடிந்தவர் பொறுப்பற்றவர் என்றும் சொல்ல நேரும். இருவரின் மனைவியரும் சுமந்தது ஒரே சுமை. பின்விளைவைக் கொண்டு தீர்ப்பளிக்கும் பழக்கத்தில் இன்னொரு கேடும் இருக்கிறது: நாட்டுக்குக் கிடைத்த நன்மையை ஒரு குடும்பத்தின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். ஓப்வால்டனும் சூரிச்சும் பெற்ற அமைதிக்கு அந்தப் பையனின் ஏழு ஆண்டுகள் விலையாகக் கொடுக்கப்பட்டன என்றால், அந்த விலையைக் கொடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இசைவின் எடை

அந்த உரிமை கிளாஸுக்கு இல்லை. இதுதான் இந்த ஆய்வில் நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது. மணவுறவில் ஒருவர் மற்றவரிடம் பட்ட கடனிலிருந்து தம்மைத் தாமே விடுவித்துக்கொள்ள முடியாது. கடன் கொடுத்தவர் மட்டுமே விடுவிக்க முடியும். தொரோத்தேயா விடை கொடுத்ததால்தான் கிளாஸின் புறப்பாடு கைவிடல் என்ற குற்றத்திலிருந்து தப்புகிறது. அவருடைய அழைப்பு எவ்வளவு உண்மையானதாக இருந்திருந்தாலும், அந்த விடை இல்லாமல் அது போதியதாக இருந்திருக்காது.

இந்த எண்ணம் நம் மண்ணுக்கும் புதிதல்ல. மனைவிக்கும் மக்களுக்கும் வாழ வழி செய்து வைக்காமல் துறவு பூணுகிறவனுக்குத் தண்டம் விதிக்க வேண்டும் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சொல்கிறது. துறவை அது முற்றிலும் தடை செய்யவில்லை. கணக்கை முடித்துவிட்டுப் போகச் சொல்கிறது. இன்றைய இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், துணைவர் உலகைத் துறந்து ஒரு துறவு நெறியில் சேர்ந்துவிட்டால் மற்றவர் மணவிலக்குக் கோரலாம் என்று இடம் தருகிறது. போகிறவருக்கு விடுதலை உண்டென்றால் இருப்பவருக்கும் விடுதலை வேண்டும் என்ற நேர்மை அதில் இருக்கிறது. தொரோத்தேயாவுக்கு அது கிடைக்கவில்லை. கணவர் உயிரோடிருக்க மறுமணம் என்ற பேச்சுக்கே அவருடைய காலத்திலும் சமயத்திலும் இடமில்லை. முப்பத்தைந்து வயதையொட்டிய ஒரு பெண், கணவர் இருந்தும் கைம்பெண்ணாக இருபது ஆண்டுகள் வாழ்ந்தார்.

அந்த இசைவு எந்த அளவுக்குச் சுதந்திரமானது என்று கேட்பவர்களின் ஐயம் நியாயமானதே. ஈராண்டாக உறக்கமின்றித் தவிக்கும் கணவர், அவர் பக்கம் நிற்கும் குருவானவர், இறைவனின் அழைப்பு என்ற பெயரில் வந்த வேண்டுகோள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பெண் மாட்டேன் என்று கடைசிவரை சொல்லியிருக்க முடியுமா? ஆனால் அவர் உடனே தலையசைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நெடுநாள் மறுத்தார் என்ற செய்தியே, மறுக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது என்பதற்கும், அந்த மறுப்பைக் கிளாஸ் மதித்துக் காத்திருந்தார் என்பதற்கும் சான்றாகிறது. கணவரை வீட்டில் கட்டிவைத்தால் அவர் அழிந்துபோவார் என்று தொரோத்தேயா கண்டிருக்கலாம். அப்படியானால் அது இரு துன்பங்களில் ஒன்றைத் தேர்ந்த முடிவு. நெருக்கடியில் எடுத்த முடிவு என்பதாலேயே அது அவருடைய முடிவல்ல என்று சொல்வது, அந்தப் பெண்ணுக்கு அறிவும் மனத்திண்மையும் இருந்தன என்பதையே மறுப்பதாகும்.

பிள்ளைகளின் நிலை வேறு. மூத்தவர்கள் இசைந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து வயதுப் பிள்ளையின் சம்மதத்துக்குப் பொருள் குறைவு. பதின்மூன்று வாரக் குழந்தைக்குச் சம்மதம் என்ற ஒன்றே இல்லை. தாய் தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம், குழந்தையின் பங்கை விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் உரிமை இல்லை. இந்த இடத்தில் கிளாஸின் செயலுக்கு என்னால் முழு நியாயம் காண முடியவில்லை. அந்த இளைய மகன் நிக்கோலாஸ் வளர்ந்து, படித்து, சாக்சல்னின் பங்குக் குருவானார். தந்தையின் பெயரையும் முகத்தையும் மட்டுமன்றி, ஏதோ ஒருவகையில் அவருடைய வழியையும் பெற்றுக்கொண்டார். இதைப் பார்த்து, குறை ஒன்றும் நேரவில்லை என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். மகன் நன்றாக வளர்ந்ததற்குக் காரணம் அவனை வளர்த்தவர். குழந்தை நடக்கப் பழகும் வரையிலாவது, நான்கைந்து ஆண்டுகள், அந்தப் புறப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்க முடியாதா என்ற கேள்விக்கு எந்தப் பதிவிலும் விடை இல்லை. கேட்கத் தகுதியான கேள்வி அது.

சொல்லாமல் போனவர்கள்

ஒப்பீட்டுக்கு ஒரு நிகழ்வு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1986இல் இருபது வயது இளைஞர் ஒருவர் காரை விட்டிறங்கிக் காட்டுக்குள் போனார். 2013 ஏப்ரலில் காவல்துறையிடம் பிடிபடும்வரை 27 ஆண்டுகள் ஓர் ஏரிக்கரைக் காட்டில் மறைவாக வாழ்ந்தார். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. ஆகவே கிளாஸைவிட அவருடைய கடமை இலேசானது என்று முதல் பார்வையில் தோன்றும். ஆனால் பெற்றோருக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் போனார். தந்தை இறந்தது அவருக்குத் தெரியாது. அருகிலிருந்த விடுமுறை வீடுகளில் ஏறத்தாழ ஆயிரம் முறை புகுந்து உணவும் துணியும் எரிவாயு உருளைகளும் திருடியே அந்தத் தனிமையை நடத்தினார். வயதான தாய், மகன் உயிரோடிருக்கிறானா என்பது தெரியாமலே கால் நூற்றாண்டைக் கழித்தார்.

அவரும் மனிதர் நடமாட்டத்துக்குச் சில நிமிட தூரத்தில்தான் இருந்தார், கிளாஸும் அப்படியே. ஒருவர் தம்மைச் சூழ்ந்த மக்களுக்குத் தெரிந்தே, அவர்கள் கட்டிக் கொடுத்த அறையில், சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். மற்றவர் அவர்களுக்கு அச்சமூட்டும் நிழலாக இருந்தார். எந்தத் தனிமையும் பிறர் உழைப்பின் மேல்தான் நிற்கிறது. துறந்தவருக்கும் இல்வாழ்வோரே துணை என்பது நாம் காலங்காலமாக அறிந்தது. அந்தத் துணையைக் கேட்டுப் பெறுவதற்கும் களவாடிக்கொள்வதற்கும் இடையிலான வேறுபாட்டில்தான் நியாயத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. மணமானவரா ஆகாதவரா என்பது அதற்கு அடுத்தபடியே வருகிறது.

தீர்ப்பும் அதில் தீராததும்

ஆகவே என் முடிவு இது. கிளாஸ் தொரோத்தேயாவைக் கைவிட்டவர் அல்லர். ஏனெனில் கேட்டார், காத்திருந்தார், வாழ வழி இருப்பதைக் கண்டபின் போனார், மறையாமல் இருந்தார். வயதுவந்த மகன்களுக்கும் அவர் பெரிய அநீதி செய்யவில்லை. சிறு பிள்ளைகளுக்கு, சிறப்பாகக் கடைசி மகனுக்கு, அவர் பட்ட கடன் தீர்க்கப்படாமலே போயிற்று. அவருடைய பிற்காலப் பெருமை எதுவும் அதைத் தீர்க்காது. அவரை முன்னுதாரணமாகக் காட்டி வீட்டைவிட்டுப் போக நினைக்கும் எவரும், தம் அழைப்பின் வலிமையைப் பற்றிப் பேசுவதற்கு முன், மறுக்க முழு உரிமையோடு துணைவர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர்.

கிளாஸ் 1487ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் ரான்ஃப்டில் காலமானார். அவருடைய அங்கி சாக்சல்ன் கோவிலில் இன்றும் காக்கப்படுகிறது. தொரோத்தேயா இறந்த நாளை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. 1984ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஃப்ளூயெலிக்கு வந்தபோது தொரோத்தேயாவைப் பெயர் சொல்லிப் போற்றினார்; அண்மைக் காலமாக அந்தத் திருத்தலத்தில் இருவரையும் சேர்த்தே நினைவுகூர்கிறார்கள். இது வரவேற்கத்தக்கது. ஆனால் அவரைத் தியாகத்தின் உருவமாக மட்டும் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தியாகம் என்ற சொல் அவரை நடந்ததைப் பொறுத்துக்கொண்டவராக மட்டுமே ஆக்கிவிடுகிறது. ஈராண்டு மறுத்தவரும் அவர், கடைசியில் விடை கொடுத்தவரும் அவர், அதன்பின் இருபது ஆண்டுகள் அந்த முடிவை நடத்திக் காட்டியவரும் அவர். 1467ஆம் ஆண்டு அக்டோபரில் அந்த வீட்டில் முடிவெடுக்கும் இடத்தில் நின்றவர் தொரோத்தேயா. நிகழ்வை எழுதும்போது அவருடைய பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.